ஆலன் ஃப்ரீட் படமும் சக் பெர்ரியின் கணக்கும்

ஆகஸ்ட் 9

நேற்றிரவு 'அமெரிக்கன் ஹாட் வாக்ஸ்' பார்த்தேன். ஃப்ளாய்ட் மட்ரக்ஸ் இயக்கி 1978இல் வந்த படம். வானொலியில் ராக் அண்ட் ரோல் பாட்டுப் போட்ட டிஸ்க் ஜாக்கி ஆலன் ஃப்ரீடின் வாழ்க்கைப் படம் என்றுதான் பேர். ஆனால் பிறந்தது, வளர்ந்தது எதுவும் கிடையாது. 1959, நியூயார்க், புரூக்ளின் பாரமவுண்ட் அரங்கில் ஒரு கச்சேரி, அதற்கு முந்தைய சில நாட்கள். அவ்வளவுதான் கதை.

ஃப்ரீடாக டிம் மெக்கின்டயர். பாடகர் பட்டி ஹாலியின் ரசிகர் மன்றத் தலைவன் என்று ஒரு பொடியன் ஸ்டூடியோவுக்கு வருகிறான். ஹாலி விமான விபத்தில் இறந்துபோன வருஷம் அது. பேசிக்கொண்டே வந்தவன் உடைந்து அழுகிறான். ஃப்ரீட் பெரிதாக ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. அந்த இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது.

ஆகஸ்ட் 10

படத்தில் இல்லாத, ஃப்ரீட் நியூயார்க் வருவதற்கு முந்தைய கிளீவ்லாந்து நகரக் கதைதான் எனக்கு இன்னும் பிடிக்கும். லியோ மின்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைக்காரர், கறுப்பினத்தவர் பாட்டை வெள்ளைக்காரப் பிள்ளைகளும் தேடி வாங்குகிறார்கள் என்று கவனித்து ஃப்ரீடிடம் சொல்கிறார். 1951இல் வானொலியில் ஃப்ரீடின் இரவு நிகழ்ச்சி தொடங்குகிறது. 1952 மார்ச் 21 அன்று அவர் நடத்திய கச்சேரிக்கு, சுமார் 10,000 பேர் கொள்ளும் அரங்கில் அதைப்போல் இரு மடங்கு கூட்டம். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தொடங்கிய சுருக்கில் போலீஸ் நிறுத்திவிட்டது.

ஆகஸ்ட் 13

ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரி விஷயம் மண்டையைக் குடைகிறது. படத்தில் அவர் அவராகவே வருகிறார். வரித்துறை கச்சேரி வசூலை முடக்கியதும், 'பரவாயில்லை, சும்மாவே பாடுகிறேன்' என்கிற மாதிரி மேடையேறுகிறார். நிஜத்தில் காசை எண்ணி வாங்காமல் மேடையேறாதவர்! 'மேபிலீன்' பாட்டை எழுதியது பெர்ரி; ஆனால் இசைத்தட்டில் ஃப்ரீட் பெயரும் சேர்ந்து ராயல்டியில் பங்கு போனது. படம் வந்தபோதும் அந்தப் பெயர் நீங்கியிருக்கவில்லை. தன் பாட்டில் பங்கு பிடுங்கியவரைப் புகழும் படத்தில் அவரே வந்து பாடுகிறார். என்ன நினைத்துக்கொண்டு நடித்தாரோ!

பாட்டுப் போடக் காசு வாங்கி மாட்டிக்கொண்ட ஃப்ரீடை வெறும் கைநீட்டிப் பேர்வழி என்று ஒதுக்கவும் முடியவில்லை. வெள்ளையர் மறுபதிவு செய்து விற்ற பாட்டுகளைத் தள்ளிவிட்டு, கறுப்பினப் பாடகர்களின் மூலப் பதிவைப் போட்டவர் அவர். அப்புறம், அவர் மாட்டிய காலத்தில் பாட்டுப் போடக் காசு வாங்குவதைத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம்கூட இல்லை. அது 1960இல்தான் வந்தது. காசு வாங்கியதே இல்லை என்று எழுதித் தர மறுத்ததால் 1959 நவம்பரில் வேலை போனது. 1962இல் நியூயார்க் மாநில வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அபராதம் 300 டாலர். 1965இல், 43 வயதில் போய்ச் சேர்ந்தார். படம் இவரை ஏறக்குறையத் தியாகியாக்கிவிடுகிறது. எனக்கு அது கொஞ்சம் ஓவர்.

'மேபிலீன்' முழுக்கப் பெர்ரி பெயருக்குத் திரும்பியது 1986இல். அதே வருஷம்தான் ராக் அண்ட் ரோல் புகழரங்கின் முதல் வரிசையில் இருவரையும் சேர்த்தார்கள்.

ஜட் நெல்சன் ஃப்ரீடாக நடித்த 1999 தொலைக்காட்சிப் படம் இன்னும் பார்க்கவில்லை. அதிலாவது இந்தக் கணக்கைத் தொட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.