டிரெஸ்பாஸா, நியூசன்ஸா: டார்ட்ஸ் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

டார்ட்ஸ் (ஒருவர் மற்றவருக்குச் செய்த தீங்குக்கு நீதிமன்றத்தில் நிவாரணம் கேட்கும் உரிமையியல் சட்டம்) பேப்பரில் நிலத்தின் மீதான அத்துமீறலும் (டிரெஸ்பாஸ்) தொல்லையும் (நியூசன்ஸ்) அடிக்கடி கேட்கப்படும் பகுதி, இருந்தும் பலருக்கு மதிப்பெண் போவது இங்கேதான். படிக்காமல் இல்லை. இரண்டையும் தனித்தனி அத்தியாயமாகப் படித்துவிட்டு, ஒரே சம்பவத்துக்குள் இரண்டும் கலந்து வரும்போது எதை எடுப்பது என்று திணறிவிடுகிறார்கள். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படித்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: பிரதிவாதி நேரடியாக நிலத்துக்குள் வந்தாரா, எதையாவது வைத்தாரா, அல்லது அவர் தன் இடத்தில் செய்த ஏதோ ஒன்றின் விளைவு இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததா? பக்கத்துக் கட்டடத்தில் மாட்டிய விளம்பரப் பலகை உங்கள் கூரைக்கு மேல் சில அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால் அது அத்துமீறல். 1957-இல் இங்கிலாந்தில் கெல்சன் எதிர் இம்பீரியல் டொபாக்கோ வழக்கில் அப்படித்தான் தீர்ப்பு, பலகையை எடுக்க உத்தரவும் கிடைத்தது. அதே இடத்தில் பக்கத்து மரத்தின் கிளை வளர்ந்து நீட்டினால் அது தொல்லை. பலகை ஒருவர் கொண்டுவந்து வைத்தது, கிளை தானாக வளர்ந்து வந்தது. அந்தக் கிளையை உங்கள் பக்கம் நின்றபடியே நீங்கள் வெட்டலாம், முன்கூட்டிச் சொல்லக்கூட வேண்டாம் (லெம்மன் எதிர் வெப், 1895). ஆனால் வெட்டுவதற்காக அந்தப் பக்கம் கால் வைத்தால் கதை மாறிவிடும், வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் மரத்துக்காரருடையதுதான்.

அத்துமீறலுக்கு ஒரு பைசா சேதம்கூடக் காட்ட வேண்டியதில்லை, நுழைந்ததே போதும். தெரியாமல் செய்தேன் என்பதும் எடுபடாது. தன் நிலம் என்று நினைத்துப் பக்கத்து நிலத்துப் புல்லை அறுத்தவர் பொறுப்பாளி என்று 1681-லேயே சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட உரிமை, சுவாதீனத்தில் இருப்பவருக்கு, அதாவது நிலத்தைத் தன் கையில் வைத்து அனுபவிப்பவருக்கு. கேள்வியில் 'வாடகைக்கு விட்டிருந்தார்' என்று ஒரு வரி போகிற போக்கில் வந்தால் அதை விட்டுவிடாதீர்கள், அந்த வரி சும்மா வைக்கப்பட்டதில்லை. கெல்சன்கூடக் குத்தகைதாரர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது 1610-இன் ஆறு தச்சர்கள் வழக்கு. ஆறு பேரும் மதுக்கடைக்குப் போய்க் குடித்து, பணமும் கொடுத்துவிட்டு, மறுபடி வாங்கியதற்கு மட்டும் கொடுக்க மறுத்தார்கள். சட்டம் தந்த அனுமதியில் உள்ளே போனவர் அங்கே போய்த் தவறாக ஏதாவது செய்தால் ஆரம்பத்திலிருந்தே அத்துமீறியவர் ஆகிவிடுவார், ஆனால் பணம் கொடுக்காதது வெறும் செய்யாமை, செயல் இல்லை, அதனால் அவர்கள் அத்துமீறியவர்கள் ஆகவில்லை. இந்தச் 'செயல், செய்யாமை' வேறுபாட்டை எழுதினால்தான் விடைக்கு உயிர் வரும்.

சரி, தொல்லைக்கு வருவோம். இங்கே எல்லாம் எடைபோட்டுப் பார்ப்பதுதான்: எந்த இடம், எவ்வளவு நேரம், வாதி அளவுக்கு மீறி மென்மையான ஆளா, பிரதிவாதிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா. இசை கற்பித்த பெண்மணியின் பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே தட்டைத் தட்டி விசிலடித்துக் கத்தியது, அந்த எண்ணத்தாலேயே தொல்லை ஆனது (கிறிஸ்டி எதிர் டேவி, 1893). எதிர்ப்பக்கம், கீழ்த்தளச் சூட்டால் தன் தனிவகைக் காகிதம் கெட்டது என்று வந்தவர் தோற்றார், சாதாரணக் காகிதத்துக்கு அந்தச் சூடு ஒன்றும் செய்யாது என்பதால் (ராபின்சன் எதிர் கில்வர்ட், 1889). அப்புறம், ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன், 1879. மிட்டாய்க்காரரின் உரல் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது, பக்கத்தில் இருந்த மருத்துவர் தோட்டத்தின் ஓரத்தில் ஆலோசனை அறை கட்டிய பிறகுதான் சத்தம் தொந்தரவானது. இருபது ஆண்டு தடையில்லாமல் செய்துவந்தால் அது உரிமையாகிவிடும் என்பது மிட்டாய்க்காரரின் வாதம், ஆனால் அந்தக் கணக்கு தொந்தரவு தொடங்கிய நாளிலிருந்துதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'நான்தான் முதலில் இருந்தேன்' என்ற வாதத்தை வைத்து வரும் எந்தக் கேள்விக்கும் இது போதும்.

தனியார் தொல்லையில் (ஒருவரின் நில அனுபவத்தைக் கெடுப்பது) வழக்குப் போட நிலத்தில் உரிமை வேண்டும், வெறுமனே அந்த வீட்டில் தங்கியிருப்பவருக்கு முடியாது (ஹன்டர் எதிர் கேனரி வார்ஃப், 1997). பொதுத் தொல்லை (பொதுமக்கள் பலரையும் பாதிப்பது) என்றால் மற்றவர்களைவிடத் தனக்கு விசேஷமான பாதிப்பு இருப்பதை வாதி காட்ட வேண்டும்.

நேரம் போதாமல் பலரும் விட்டுவிடுவது பரிகாரத்தை, அதாவது வென்ற வாதிக்கு நீதிமன்றம் என்ன தரும் என்பதை. கடைசி ஐந்து நிமிடத்தை அதற்கென்று ஒதுக்குங்கள். மில்லர் எதிர் ஜாக்சன் வழக்கை (1977) எழுதலாம்: பழைய கிரிக்கெட் மைதானத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டிய வீட்டை வாங்கியவர்கள் பக்கம் பந்து திரும்பத் திரும்ப விழுந்தது, தொல்லைதான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள், ஆனால் ஆட்டத்தை நிறுத்தும் தடையாணை கொடுக்காமல் இழப்பீட்டோடு விட்டார்கள். தொல்லை இருப்பது வேறு, எந்தப் பரிகாரம் கிடைக்கும் என்பது வேறு, இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.