பைக்கு அடியில் ஓர் ஊதா விளிம்பு

பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலின் முனையை வலப்பக்க வயிற்றில் ஸ்டோமாவாக, அதாவது மலம் வெளியேறும் திறப்பாக, வெளியே கொண்டுவந்த ஏழாவது மாதத்தில், மலநீர் சேரும் பை ஒட்டும் இடத்தில் மிளகளவு கொப்புளம் ஒன்று தோன்றியது. பையின் துளையைச் சற்றுப் பெரிதாக வெட்டிவிட்டேன், மலநீர் பட்டுத் தோல் புண்ணாகியிருக்கிறது என்று எண்ணி ஸ்டோமா பவுடரைத் தூவிக்கொண்டிருந்தேன். இலியாஸ்டமி எனப்படும் இத்தகைய சிறுகுடல் திறப்பு உள்ளவர்களுக்கு அது பழகிப்போன தொல்லைதான்.

சில நாட்களில் அது ஐந்து ரூபாய் நாணயமளவு குழிந்தது. ஊதா நிற விளிம்பு உள்நோக்கிக் குடைந்திருந்தது. புண்ணின் அளவுக்குப் பொருந்தாத வலி. சீழ்க்கட்டி என்று கருதிய மருத்துவர் கீறிச் சுத்தம் செய்து ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார். ஒரே வாரத்தில் புண் இரு மடங்கானது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பார்வைக்கு அது சீழ்க்கட்டியாகத்தான் இருந்தது.

தோல் மருத்துவர்தான் அதைப் பயோடெர்மா காங்கிரினோசம் என்றார். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் வைத்த இப்பெயர் சீழையும் சதை அழுகலையும் குறித்தாலும், உண்மையில் இந்நோய் இரண்டுமே அல்ல. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் போன்ற குடல் அழற்சி உள்ளவர்களிடம் நோயெதிர்ப்பு அமைப்பே நெறிகெட்டுத் தோலைத் தாக்குவதால் வருவது. காயம் பட்ட இடத்தில் மேலும் மூள்வது இதன் இயல்பு என்பதால், பையை உரிக்கும் இழுப்பே போதும். கத்தி பட்டால் கேட்கவே வேண்டாம். இதை உறுதிசெய்யத் தனியொரு பரிசோதனை கிடையாது. தொற்றும் புற்றும் இல்லை என்று தெளிவதற்காக மட்டும் சிறு துணுக்கு எடுத்தார்கள்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்குவது எளிதாயிருந்தது. களிம்புதான் பெரும்பாடு: தடவினால் பை ஒட்டாது, ஒட்டாவிட்டால் மலநீர் கசிந்து புண்ணிலேயே இறங்கும். தலைத்தோலுக்கென விற்கும் ஸ்டீராய்டு லோஷனைச் சொட்டிக் காயவிட்டு, ஈரம் உறிஞ்சும் பஞ்சுத்துணியை வைத்து, அதன்மேல் பையை ஒட்டச் சொல்லிக்கொடுத்தவர் ஸ்டோமா நர்ஸ். முதல் சொட்டுக்கு உயிர் போய் வந்தது. ஸ்டோமாவை இடம் மாற்றலாமா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டேன். புதிய இடத்திலும் வரக்கூடும் என்பதால் அவர் இசையவில்லை.

ஆற நான்கு மாதங்கள் ஆயின. சல்லடைபோல் குழிக்குழியான தழும்பு எஞ்சியிருக்கிறது. பை மாற்றும்போதெல்லாம் அந்தக் குழிகளை ஸ்டோமா பேஸ்ட்டால் நிரவிய பிறகே ஒட்டுகிறேன்.