ஒன்பதால் வகுபட்ட 540

1987இல் நான் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் கம்ப்யூட்டர் கிடையாது. சேமிப்புக் கணக்குகளின் இருப்பையெல்லாம் கூட்டினால், பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ‘டிஃபரன்ஸ் பிடிக்க’ உட்கார வேண்டியதுதான். வீட்டுக்குக் கடைசி பஸ்ஸில் போகலாம்.

ஒரு மாதம் 540 ரூபாய் குறைந்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. இலக்கங்களை இடம் மாற்றி எழுதினால் வரும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும் என்ற வித்தையை அப்போதுதான் கற்றிருந்தேன். 540 வகுபடுகிறது! 8,710ஐ 8,170 என்று எழுதினால் சரியாக 540 குறையும். ஆகவே நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் 17, 28, 39, 06 என்று வரும் இருப்புகளை மட்டும் பார்த்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். மூன்று மாலைகள் பார்த்தேன். நாற்பது கணக்குகளுக்கு மேல் டிக் போட்டும் ஒன்றும் சிக்கவில்லை. ஏதோ ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்றுதான் தோன்றியதே தவிர, வித்தையின் மேல் சந்தேகமே வரவில்லை.

நான்காம் நாள் அக்கவுண்டன்ட் பின்னால் வந்து நின்றார். “இடம் மாறினால் ஒன்பதால் வகுபடும், சரி. ஒன்பதால் வகுபட்டதெல்லாம் இடம் மாறியதுதானா தம்பி? ஒன்பது எண்ணுக்கு ஓர் எண் சும்மாவே வகுபடுமே” என்றார். “வரவைப் பற்றில் எழுதினால், கூட்ட வேண்டியது கழிந்து வித்தியாசம் இரட்டிப்பாகும். 270 எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

பல ஆண்டுகள் கழித்து, பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். 2, 4, 6 என்ற வரிசை ஒரு விதிக்கு உட்பட்டது. வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். பலரும் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்கு ஒத்ததையே சொல்லிப் பார்த்து, ‘ஆம்’ வாங்கிக்கொண்டு, இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று அடித்துச் சொன்னார்கள். விதியோ வெறும் ஏறுவரிசை. 29 பேரில் முதல் தடவையே சரியாகச் சொன்னவர்கள் 6 பேர்தான். தவறாகச் சொன்னவர்களுக்காவது ‘ஆம்’ என்ற பதில் கிடைத்தது. எனக்கு மூன்று நாளும் ‘இல்லை’தான் கிடைத்தது, அதையும் நான் காதில் வாங்கவில்லை.

270 அரைமணி நேரத்தில் அகப்பட்டது. பணம் கட்டிய சலான் பற்றுப் பத்தியில் ஏறியிருந்தது. எழுத்து என்னுடையது. அந்தப் பக்கத்தை நான் இரண்டு முறை புரட்டித் தாண்டியிருக்கிறேன். அதில் 17உம் இல்லை, 28உம் இல்லை.