கரூவுக்கு ஒரு ரைபிள்: காலிபரைக் கடைசியில் யோசியுங்கள்

டர்பனில் கஸ்டம் ரைபிள் பேச்சை எடுத்தாலே முதல் கேள்வி "என்ன காலிபர்?", அதாவது எந்த அளவுத் தோட்டா, என்பதுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த மானை, எவ்வளவு தூரத்தில், எந்தக் காற்றில் சுடப் போகிறீர்கள்? அதற்குப் பதில் கிடைத்தால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நிலமான கரூவில் ஸ்பிரிங்பாக் மான் என்றால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் சுமார் 15 செ.மீ. விட்டம். 1 எம்ஓஏ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) துல்லியமுள்ள ரைபிள் 400 மீட்டரில் ஏறக்குறைய 12 செ.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைப் போடும். நடுவிலிருந்து பார்த்தால் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ.தான் மிச்சம். மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்று 6.5 கிரீட்மோர் என்ற 6.5 மி.மீ. காலிபர் குண்டை அந்தத் தூரத்தில் 30 செ.மீ. அளவுக்குத் தள்ளிவிடும். காற்றை 8 கி.மீ. தப்பாகக் கணித்தால் 15 செ.மீ. விலகும். அது நேரே வயிற்றில் போய்ப் படும். "600 மீட்டர் ரைபிள்" என்று விற்பவர் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

இனி காலிபர். ஸ்பிரிங்பாக், பிளெஸ்பாக் மான்கள் மட்டும் என்றால் 143 கிரெய்ன் எடைக் குண்டோடு 6.5 கிரீட்மோர் தாராளம். உதை குறைவு, அதனால் பயிற்சி அதிகம் நடக்கும். குடு, ஜெம்ஸ்பாக் போன்ற பெரிய மான்களும் பட்டியலில் இருந்தால் 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னமோ .300 வின்செஸ்டர் மேக்னமோ பாருங்கள். குண்டு மானைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஈய உள்ளீடு கொண்ட பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் விநாடிக்கு 1,800 அடிக்குக் கீழே போனால் சரியாக விரியாது. முழுச் செம்புக் குண்டுக்கு 2,000 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லைத் தூரம் அங்கே முடிகிறது, ஸ்கோப்பின் டரட்டில் (குறியை ஏற்றி இறக்கும் திருகு) எத்தனை கிளிக் மிச்சம் இருந்தாலும்.

உரிமத்துக்கு மனுப் போடும் முன் காலிபரை முடிவு செய்துவிடுங்கள். தென்னாப்பிரிக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் (2000ஆம் ஆண்டின் 60ஆம் எண்) பேரலும் துப்பாக்கிக் கணக்கில்தான் வரும். பிறகு மனம் மாறினால் தாள் வேலை முதலிலிருந்து. அவ்வப்போது வேட்டையாடுபவர்களுக்கான 15ஆம் பிரிவு உரிமத்தில் ஒரு ரைபிளுக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம். நிறையப் பயிற்சி செய்ய நினைப்பவர்கள் முழு ஈடுபாட்டு வேட்டைக்காரர்களுக்கான 16ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் பேரல்தான் நல்லது. மரக்கட்டை ஸ்டாக் டர்பன் ஈரத்தில் ஊதி, காய்ந்த கரூவில் சுருங்கும். அது பேரலைத் தொட ஆரம்பித்ததும் ஸீரோ, அதாவது குறியும் குண்டும் சேரும்படி வைத்த அமைப்பு, நகரும். லேமினேட் அல்லது ஃபைபர்கிளாஸ் வாங்குங்கள். வால்நட் அழகுதான், வரவேற்பறைச் சுவருக்கு. சைலென்சர் மாட்டப் போவதென்றால் 24 அங்குலப் பேரல் புதரில் இடிக்கும். 20 முதல் 22 போதும்.

ஸ்கோப்பில்தான் பணம் வீணாவதும், பலன் கிடைப்பதும். 3-15 அல்லது 4-16 பெருக்கம் நிறைவாகப் போதும். நண்பகலில் கரூத் தரை கொதிக்கும்போது 25 மடங்கில் கானல்தான் நடனமாடும். 50 மி.மீ. முன்கண்ணாடியை 10 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு 5 மி.மீ. ஒளிவட்டம் வரும், அந்திக்கு அது போதும். ரெட்டிக்கிளும் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) டரட்டும் இரண்டுமே மில் அளவில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கட்டும். ஒரு கிளிக் 0.1 மில், 100 மீட்டரில் 1 செ.மீ., 400இல் 4 செ.மீ. ரெட்டிக்கிள் இரண்டாம் தளத்தில் (பெருக்கத்தை மாற்றினாலும் கோடுகள் அதே அளவில் தெரியும் வகை) இருந்தால் அதன் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் உண்மை சொல்லும், பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில். அவசரத்தில் அது யாருக்கும் நினைவிருக்காது.

ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங் திருகுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர்) கொண்டு சுமார் 2 நியூட்டன் மீட்டரில் நிறுத்துங்கள். ரிங்கோடு வரும் தாள் வேறு அளவு சொன்னால் அதன்படி. அதிகம் இறுக்கினால் குழாய் நசுங்கி பாரலாக்ஸ் குமிழ் (தூரத்துக்கேற்பக் காட்சியைச் சரிசெய்வது) கட்டிப்போகும். தளர்ந்தால் ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் முன்னே வழுக்கும். ரிங் ஓரத்தில் கீறல் தெரிந்தால் அதுதான் காரணம். ரெட்டிக்கிள் 3 டிகிரி சாய்ந்திருந்தால் 100இல் ஒன்றும் தெரியாது, 400இல் 5 செ.மீ. பக்கவாட்டில் போகும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள தூரத்தைத் தடித்த குளிர்ச்சட்டை போட்டு, படுத்த நிலையில் அளந்து வையுங்கள். வேட்டைப் பருவம் குளிர்காலம். பனியனோடு அளந்தால் அங்கே நிழல் வளையம்தான் தெரியும். (மே முதல் ஆகஸ்டுக்குள் சுட்டுவிட்டால் புரட்டாசி விரதத்துக்கு முன் பில்டாங் என்ற காய்ந்த இறைச்சியும் தீர்ந்துவிடும்.)

பிறகு டரட் சோதனை. 100 மீட்டரில் உயரமான அட்டையில் நேர்க்குத்துக் கோடு போட்டு, கீழ்ப்புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். 5 மில் ஏற்றி, அதே புள்ளியைக் குறிபார்த்து மறுபடி சுடுங்கள். குண்டு 50 செ.மீ. ஏற வேண்டும். 48 வந்தால் உங்கள் டரட் நூற்றுக்கு 4 குறைவாகப் பேசுகிறது. அந்த எண்ணைக் கணக்கில் சேருங்கள்.

எந்தத் தூரத்துக்கு எத்தனை கிளிக் என்று கடல்மட்டத்தில் எடுத்த அட்டவணை 1,500 மீட்டர் உயரத்தில் அப்படியே பொருந்தாது. காற்று மெலிந்திருப்பதால் குண்டு சற்று மேலே படும். 400இல் சில செ.மீ.தான், 600இல் அது தோல்வி. பண்ணைக்குப் போனதும் சைலென்சரை மாட்டியே, ஆறிய பேரலில் முதல் குண்டு எங்கே படுகிறது என்று 100இலும் 300இலும் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது குண்டின் குரூப்பை வைத்து ஸீரோவைத் திருத்தாதீர்கள். மானுக்குப் போவது முதல் குண்டு.