ஒரு சாக்பீஸும் 15 நிமிடமும்

பொறியியல் கல்லூரிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் தோழிகள் சிலர், டெமோ வகுப்புக்கும் நேர்முகத் தேர்வுக்கும் எப்படித் தயாராவது என்று என்னிடம் கேட்பதுண்டு. மூன்று கல்லூரிகளில் தேறாமல் திரும்பி, நான்காவது இடத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. ஆகையால் தேறாத கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2014ஆம் ஆண்டு, எம்.இ. கட்டமைப்புப் பொறியியல் முடித்த சூட்டோடு, ஒரு தனியார் கல்லூரியின் அழைப்பை ஏற்றுப் போனேன். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் முப்பது பேருக்கு, கான்கிரீட் பீம்களைப் பற்றி 15 நிமிடம் பாடம் நடத்த வேண்டும். கடைசி வரிசையில் முதல்வரும் துறைத் தலைவரும் வெளியிலிருந்து வந்த வல்லுநர் ஒருவரும் அமர்ந்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தவை அனைத்தையும் அந்த 15 நிமிடத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் 48 ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன். ஒன்பதாவது ஸ்லைடில் நேரம் முடிந்துவிட்டது. வல்லுநர் எழுந்து சன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, "அதோ அந்த சன்ஷேடில் கம்பி மேலே இருக்குமா, கீழே இருக்குமா, அம்மா?" என்று கேட்டார். விடை எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்ததும் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456இன் 23.2.1ஆம் பிரிவு, நீளத்துக்கும் ஆழத்துக்குமான விகிதம் 7, 20, 26 என்று ஒப்பிக்கத் தொடங்கிவிட்டேன். "கேட்டது அது இல்லையே" என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் ஒரு மாணவன் மெல்ல, "மேலே, சார்" என்றான். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்தத் தேர்வு முறையைப் பற்றிய விதிகளை நான் நிதானமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் வெளியிட்ட விதிமுறைகளில், உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு முந்தைய படிப்பும் ஆய்வும் 50 விழுக்காடு, பாட அறிவும் கற்பிக்கும் திறனும் 30, நேர்முகம் 20 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருந்தது. 2018இல் வந்த விதிமுறைகளிலோ, படிப்புக்கும் கட்டுரைகளுக்கும் கிடைக்கும் புள்ளிகள் யாரை நேர்முகத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்வதற்கு மட்டுமே பயன்படும். அழைக்கப்பட்ட பிறகு, தேர்வு முழுவதும் நேர்முகத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதைப் பொறுத்தது. தனியார் கல்லூரிகள் இதை அப்படியே பின்பற்றுகின்றன என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும், அறைக்குள் நுழைந்த பிறகு பழைய மதிப்பெண் பட்டியல் நம்மைக் காப்பாற்றாது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்துவதாகவே எனக்குப் பட்டது.

டெமோ வகுப்புக்கான தயாரிப்பில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவுதான். ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, அதில் மாணவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே ஒரு செய்தியை முதலில் ஒரு வரியில் எழுதிப் பார்ப்பேன். கான்கிரீட் பீம் என்றால், "கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது, இழுபடும் பக்கத்தில் கம்பி வேண்டும்" என்பதே அந்த வரி. எம்25 என்ற தரத்துக் கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் வளையும்போது ஏறத்தாழ 3.5 நியூட்டன் இழுவையிலேயே விரிசல் விட்டுவிடும் என்று ஐ.எஸ். 456இன் சூத்திரம் சொல்கிறது. இந்த இரண்டு எண்களைத் தவிர வேறெந்த எண்ணையும் அந்த வகுப்பில் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவுக்கு வர எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. 48 ஸ்லைடுகளை ஒரே இரவில் செய்து முடித்தவள் நான்.

மற்றொன்று, கரும்பலகைத் திட்டம். பலகையை மனத்துக்குள் மூன்று பாகமாகப் பிரித்து, எந்தப் படம் எந்த மூலையில் வரும், எது கடைசி வரை அழியாமல் நிற்க வேண்டும் என்பதை ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்வேன். புரொஜெக்டர் வேலை செய்யும் என்று நம்பிப் போகும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட்டேன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, உரக்கப் பேசி, கைப்பேசியில் பதிவு செய்து கேட்டபோது இன்னொன்றும் தெரியவந்தது: 12 நிமிடத்தில் 41 முறை "ஓகே?" என்று கேட்டிருக்கிறேன், ஒரு முறைகூட விடைக்காகக் காத்திருக்கவில்லை. மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும்போது இந்தக் குறைகள் எதுவும் காதில் விழுவதில்லை.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்கள், வகுப்பு நடத்துவதோடு தங்கள் ஆய்வைப் பற்றியும் குழுவின் முன் பேச வேண்டியிருக்கும். அந்தக் குழுவில் நம் துறையைச் சாராதவர்களும் இருப்பார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். என் ஆய்வு, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் கம்பி துருப்பிடிப்பதைப் பற்றியது. இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பழகுவதற்கு எனக்குக் கிடைத்த முதல் கேட்பவர் என் அப்பா. அவர் முப்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர். பிற்பாடு சிறு வீடுகளை ஒப்பந்தத்துக்கு எடுத்துக் கட்டியவர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாம்பல் சிமென்டு போட்டா சென்ட்ரிங் பிரிக்க நாள் கூடுதலா ஆகுமே, பாப்பா. அதுக்கு உன் ஆராய்ச்சியிலே என்ன சொல்லியிருக்கே?" என்றார். சென்ட்ரிங் என்பது, கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கி நிற்கும் பலகை அடைப்பு. சாம்பல் கலந்த கான்கிரீட் முதல் நாள்களில் மெதுவாகவே வலுவேறும் என்பது பாடப்புத்தகச் செய்திதான். என் ஆய்வேட்டில் அது ஒரு பத்தியாகக்கூட இடம்பெறவில்லை. அன்றிரவே அதற்கான விடையைத் தேடிப் படித்தேன்.

நேர்முகத் தேர்வுக்குப் பாடத்திட்டம் எது என்று கேட்டால், நாம் அனுப்பிய விண்ணப்பம்தான் என்பேன். அதன் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்கான அழைப்பு. நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பட்டியலில் சேர்த்திருந்தால், அதில் நம் கை எங்கே இருந்தது என்பதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். "மென்பொருள் அறிவு" என்ற வரியில் ஒரு பெயரை அலங்காரத்துக்காக எழுதியிருந்தால், அதை நீக்கிவிடுவது நல்லது. என்னிடம் ஒரு குழுவில், "மேட்டூர்ச் சாம்பலைத்தான் பயன்படுத்தியிருக்கிறீர்கள், நெய்வேலிச் சாம்பலை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டார்கள். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். வினைபுரியும் முறையும் வேறு. சாம்பலுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3812 இவ்விரண்டு வகைகளையும் பிரித்தே காட்டுகிறது. இதையெல்லாம் சொல்லி, அறிவியல் காரணத்தால்தான் மேட்டூரைத் தேர்ந்தெடுத்தேன் என்று முடித்திருக்கலாம். உண்மை அதுவன்று, எங்கள் ஆய்வகம் சேலத்தில் இருந்தது, மேட்டூர் பக்கத்தில் இருந்தது. அப்படியே சொன்னேன். பிறகு, நெய்வேலிச் சாம்பலை எடுத்திருந்தால் முடிவுகளில் எது மாறியிருக்கும் என்று நான் எதிர்பார்க்கிறேன் என்பதை விளக்கினேன். அடுத்த பத்து நிமிடம் கேள்வி பதிலாக இல்லாமல் பேச்சாகவே போயிற்று.

சான்றிதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: அசல் ஒரு கோப்பில், நகல்கள் இரண்டு தொகுதி, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பெண்களிடம் கேட்கப்படும் ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்றில் இரண்டு கல்லூரிகளில், "கல்யாணம் ஆகிவிட்டதா? குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவீர்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். அதே வரிசையில் காத்திருந்த ஆண்கள் எவரிடமும் அது கேட்கப்படவில்லை. முதல் முறை தடுமாறி, வீட்டு நிலைமையையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாம் முறை, "வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, ஆய்வகப் பொறுப்பு எவ்வளவு என்று சொன்னால், அதை என்னால் ஏற்க முடியுமா என்று சொல்கிறேன், சார்" என்றேன். அவ்விடத்திலும் வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிலுக்காக நான் வருந்தியதில்லை. இதற்கும் ஒரு வாக்கியத்தை முன்பே யோசித்து வைத்துக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் எழும் கோபத்தில் சரியான சொல் அகப்படாது.

2019இல் நான்காவது கல்லூரி. வகுப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. புரொஜெக்டரில் நான் வைத்திருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதனால் பெரிதாக இழக்கவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்து, இரு முனைகளையும் விரல்களால் தாங்கிக்கொண்டு, பெருவிரல்களால் மேலிருந்து நடுவில் அழுத்தினேன். அது கீழ்ப்பக்கம் விரிந்து, இரண்டாக உடைந்தது. "எந்தப் பக்கம் முதலில் திறந்தது?" என்று கேட்டுவிட்டு, இம்முறை விடைக்காகக் காத்திருந்தேன். அடுத்து, ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிப்புள்ள சன்ஷேடைப் போல, ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுமுனையை அழுத்திக் காட்டியபோது, சன்ஷேடில் கம்பி எங்கே வர வேண்டும் என்பதை மாணவர்களே சொல்லிவிட்டார்கள். நேரம் மீதமிருந்ததால், இன்னொரு சாக்பீஸை முறுக்கி உடைத்தேன். முறிந்த முகம் 45 பாகைச் சாய்வில் சுருண்டு நின்றது. ஏன் நேராக முறியவில்லை என்ற கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு முடித்துக்கொண்டேன். பின்வரிசையிலிருந்த பேராசிரியர் ஒருவர் வெளியே போகும்போது மேசையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, தாமே முறுக்கிப் பார்த்தார்.

பிற்பகலில் நேர்முகம். குழுவில் இயந்திரவியல் துறைக்காரர் ஒருவர், தமக்குக் கான்கிரீட் தெரியாது என்ற முன்னுரையோடு, சாம்பல் கலந்தால் கட்டுமான வேலை தாமதமாகாதா என்று கேட்டார். நான் சொன்ன விடையின் முதல் பாதி புத்தகத்திலிருந்து வந்தது. மறுபாதி, பலகை பிரிப்பதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்போது வேலையை எப்படி வரிசை மாற்றி வைத்துக்கொள்வது என்று அப்பா சொல்லித் தந்தது.

மூன்று வாரம் கழித்து நியமன ஆணை வந்தது. அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, முழுவதையும் படித்து முடித்துவிட்டு அவர் கேட்டது: "அந்த சென்ட்ரிங் விசயத்தைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்கப்பா."

"கேப்பாங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஆணையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தெருமுனைத் தேநீர்க் கடைக்குக் கிளம்பிவிட்டார்.