பகல் 12 மணிக்கு உறைந்த சர்வர்

கோயம்புத்தூரில் பம்ப் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். எங்கள் ஃபைல் சர்வர் முதல் தடவை உறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பில்லிங்கில் இருக்கும் அக்காதான் போன் செய்தார். "தம்பி, எஃப் டிரைவ் திறக்க மாட்டேங்குதுங்க. லாரி வெளியே நிக்குது, சலான் எடுக்கணும்."

பிங் செய்தால், அதாவது நெட்வொர்க்கில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பினால், பதில் வந்தது. கன்சோலில் மவுஸ் நகர்ந்தது. ஏற்கெனவே எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்திருந்தவர்கள் டைப் செய்துகொண்டே இருந்தார்கள். புதிதாக ஒரு ஃபைலைத் திறக்கப் போனவர்களின் திரை மட்டும் அப்படியே நின்றது. பத்து நிமிடத்தில் எல்லோரும் நின்றுபோனார்கள். சிபியு பயன்பாடு கிட்டத்தட்ட பூஜ்யம். வேறு வழி தெரியாமல் ரீசெட் செய்தேன். சர்வர் எழுந்துவிட்டது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 41, 6008 என்ற இரண்டு பதிவுகள்தான் இருந்தன. முந்தைய ஷட்டவுன் எதிர்பாராதது என்று அவை சொல்லின. அது நான் செய்ததுதானே.

அடுத்த ஐந்து வாரங்களில் இதே மாதிரி மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் அக்கா நாற்பது ஐம்பது வரிகளை மறுபடி அடித்தார். ஹார்டுவேர் பார்ப்பவர் வந்து ரேமை மாற்றிவிட்டுப் போனார். "ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுதில்ல, விடுப்பா" என்றார் மேனேஜர். எனக்கு விட மனமில்லை. ரீஸ்டார்ட் செய்யும் அந்த நொடியிலேயே என்ன நடந்தது என்பதற்கான சாட்சி முழுக்க அழிந்துவிடுகிறது. சர்வர் தொங்கிக் கிடக்கும்போதே அதன் மெமரியைப் படம் பிடித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

விண்டோஸில் அதற்கு வழி இருக்கிறது. நாமே வேண்டுமென்று ப்ளூ ஸ்கிரீன் வரவைத்தால், கர்னல், அதாவது விண்டோஸின் மையப் பகுதி, அந்த நொடியில் மெமரியில் வைத்திருந்ததைக் கர்னல் மெமரி டம்ப் என்ற ஃபைலாக அது எழுதி வைக்கும். ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை முன்கூட்டியே மாற்றி வைத்திருந்தால், வலது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டினால் போதும். எங்களுடையது ஹைப்பர்-வி என்ற மென்பொருளில் ஓடும் விஎம், அதாவது மெய்நிகர் கணினி என்பதால் வேறு வழியில் போனேன். அதைத் தாங்கும் நிஜக் கணினியான ஹோஸ்டின் பவர்ஷெல்லில் டீபக்-விஎம் என்ற கட்டளை இருக்கிறது. விஎம்முக்குள் ஒரு என்எம்ஐ, அதாவது எந்த நிலையிலும் ஒதுக்க முடியாத குறுக்கீட்டை, அதன் மூலம் செலுத்தலாம். கீபோர்டுக்கே பதில் சொல்லாத சர்வரும் இதற்கு விழும்.

முதல் முயற்சி வீணானது. நான் சாப்பிடப் போயிருந்தபோது சர்வர் உறைந்தது. பக்கத்து சீட்டுத் தம்பி நல்ல எண்ணத்தில் ரீசெட் செய்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. இரண்டாவது முயற்சியில் என்எம்ஐ போனது, நீலத்திரையும் வந்தது, டம்ப் மட்டும் எழுதப்படவில்லை. தேடிப் பார்த்தால், சி டிரைவில் இடம் போதவில்லை என்று என்றோ ஒரு நாள் பேஜ் ஃபைலை (மெமரிக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் வைத்திருக்கும் ஃபைல்) டி டிரைவுக்கு மாற்றியிருக்கிறோம். தனியாக வேறு ஏற்பாடு செய்யாத வரை, விண்டோஸ் இருக்கும் டிரைவில் போதுமான பேஜ் ஃபைல் இருந்தால்தான் டம்ப் எழுதுவதற்கு இடம் கிடைக்கும். பேஜ் ஃபைலைத் திரும்பக் கொண்டுவந்தேன். ஒரு ஞாயிறு இரவு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை வேண்டுமென்றே விழவைத்து, டம்ப் வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாவது தடவை எல்லாம் சரியாக அமைந்தது. பகல் 12:11-க்கு என்எம்ஐ கொடுத்தேன். மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஒரு டம்ப் கிடைத்தது.

அதை என் லேப்டாப்பில், டம்ப்பைப் படிக்க உதவும் மைக்ரோசாஃப்ட்டின் வின்டிபக் என்ற கருவியில் திறந்தேன். மைக்ரோசாஃப்ட்டின் சிம்பல் சர்வர் முகவரியை அமைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சிம்பல் இல்லாவிட்டால் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதிலாக வெறும் எண்கள் வரும், சில இடங்களில் தவறான பெயரும் வரும். எல்லோரும் செய்வதைப் போல முதலில் அனலைஸ் கட்டளையைப் போட்டேன். நிறுத்தக் குறியீடு 80, ஹார்டுவேர் கோளாறு என்று வந்தது. அந்த வரியை மட்டும் பார்த்தால் மதர்போர்டை மாற்றச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த என்எம்ஐயை அனுப்பியதே நான்தான். நாமே விழவைத்த சர்வரில் அனலைஸ் காட்டும் காரணம் நம் கைவேலையை மட்டுமே குறிக்கும், உறைந்ததன் காரணத்தை அல்ல.

அடுத்துத்தான் இந்தப் பதிவை எழுதவைத்த கட்டளை: ஆச்சரியக்குறி போட்டு, ஒட்டியே லாக்ஸ் (!locks), அதாவது பூட்டுகள்.

விண்டோஸ் கர்னலில் ஈரிசோர்ஸ் என்று ஒரு வகைப் பூட்டு இருக்கிறது. டிஸ்கில் ஃபைல்களைக் கையாளும் கர்னல் மென்பொருள்களான ஃபைல் சிஸ்டம் டிரைவர்கள் இதை ஏராளமாகப் பயன்படுத்துகின்றன. இதை இரண்டு விதமாகப் பிடிக்கலாம். படிக்க வருபவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் பகிர்ந்து பிடிக்கலாம். எழுத வருபவர் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். ஊர்ச் சாவடி அறிவிப்புப் பலகையைப் பத்துப் பேர் சுற்றி நின்று படிக்கலாம். அழித்து எழுத வருகிறவருக்கு எல்லோரும் விலகி இடம் விட வேண்டும், அவர் முடிக்கும் வரை காத்தும் நிற்க வேண்டும். அந்த மாதிரி.

கட்டளையை அடித்ததும் திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது. எல்லாப் பூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப்போவதால் நேரம் எடுக்கும், பொறுக்க வேண்டும். கடைசியில் மொத்தம் 21,406 பூட்டுகள், இப்போது பிடிபட்டிருப்பவை 9 என்று வந்தது. அந்த ஒன்பதுக்கும் தனித்தனி விவரம் இருந்தது. பூட்டின் முகவரி, தனியாகப் பிடித்ததா பகிர்ந்து பிடித்ததா, கன்டென்ஷன் கவுன்ட், பகிர்வுக்காகக் காத்திருப்பவர்கள் எத்தனை, தனியாகப் பிடிக்கக் காத்திருப்பவர்கள் எத்தனை, கீழே த்ரெட்களின் (ஒரு புரோகிராமுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளின்) முகவரிகள். த்ரெட் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு கோடும் 01 என்ற எண்ணும் இருந்தால், அந்த த்ரெட் பூட்டை எத்தனை தடவை எடுத்திருக்கிறது என்று பொருள். அதற்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் பூட்டைப் பிடித்திருப்பவர்களில் அவர் ஒருவர். நட்சத்திரம் இல்லாதவர் வரிசையில் நிற்கிறார்.

இங்கே நான் ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். ஒன்பதில் ஒரு பூட்டுக்குக் கன்டென்ஷன் கவுன்ட் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. மற்றவை எல்லாம் சில நூறுகள். இதுதான் குற்றவாளி என்று அதன் பின்னாலேயே போனேன். அது வேறு வேலைக்கான, நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்த ஒரு பூட்டு. அந்த எண் இப்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. பூட்டு உருவான நாளிலிருந்து எத்தனை தடவை யாராவது காத்திருக்க நேர்ந்தது என்ற மொத்தக் கணக்கு அது. பல நாள் நிற்காமல் ஓடும் சர்வரில் அது பெரிதாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது காத்திருப்பவர்களின் எண்ணிக்கையை.

அப்படிப் பார்த்ததும் ஒரு பூட்டு தனியாகத் தெரிந்தது. முகவரியின் கடைசி நான்கு இலக்கம் 9610. ஒரே ஒரு த்ரெட் அதைத் தனியாகப் பிடித்திருந்தது, அதன் கடைசி நான்கு 7080. பகிர்வுக்காக வரிசையில் நின்றவர்கள் 43. இனி இப்படியே கடைசி நான்கு இலக்கத்தால் சொல்கிறேன், என் தாளிலும் அப்படித்தான் எழுதினேன்.

தாள் என்று சொன்னேன் அல்லவா, அது ரொம்ப முக்கியம். ஒரு வெள்ளைத்தாளில் பூட்டுக்குச் சதுரம், த்ரெட்டுக்கு வட்டம் போட்டேன். பிடித்திருந்தால் சதுரத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு, காத்திருந்தால் வட்டத்திலிருந்து சதுரத்துக்கு அம்பு. திரையில் முகவரிகளைப் பார்த்துக்கொண்டே மனதில் வைத்திருக்க என்னால் முடியவில்லை.

9610-ஐப் பிடித்திருந்த 7080 என்ன செய்கிறது? த்ரெட் கட்டளையில் அதன் முகவரியைக் கொடுத்தேன். வால்யூம், அதாவது டிரைவ், முழுவதையும் ஃப்ளஷ் செய்யும் (மெமரியில் நிற்கும் மாற்றங்களை எல்லாம் டிஸ்கில் எழுதும்) ஃபங்ஷனுக்குள் நின்றிருந்தது. அது விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸின் ஃபங்ஷன். கையில் 9610-ஐ வைத்துக்கொண்டே, 2850 என்ற இன்னொரு பூட்டுக்காகக் காத்திருந்தது. 9610 எஃப் டிரைவ் முழுமைக்குமான பூட்டு, 2850 ஒரே ஒரு ஃபைலுக்கான பூட்டு. புதிதாக ஃபைல் திறக்க வருகிறவர்கள் வால்யூம் பூட்டைப் பகிர்ந்து பிடிக்க வேண்டியிருப்பதால்தான் அங்கே போய் நின்றார்கள். ஏற்கெனவே திறந்து வைத்திருந்தவர்களால் டைப் செய்ய முடிந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஐந்து வாரமாக விளங்காமல் இருந்த ஒரு விஷயம், ஒரு அம்புக்குறியில் விளங்கியது.

2850-ஐப் பிடித்திருந்தது 3040 என்ற த்ரெட். அது அந்த ஃபைலின் மாற்றங்களை டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தது. எழுதும் வழியில் ஃபில்டர் மேனேஜருக்குள் (ஆன்டிவைரஸ் போன்றவை ஃபைல் வேலைகளில் குறுக்கிட இடம் தரும் விண்டோஸ் பகுதி) நுழைந்து, அங்கிருந்து ஆன்டிவைரஸின் டிரைவருக்குள் போய், அது தன் சர்வீஸுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்காக நின்றிருந்தது.

இங்கே சங்கிலி அறுந்தது. செய்திக்கான பதிலுக்குக் காத்திருப்பது ஈரிசோர்ஸ் பூட்டு அல்ல, அதனால் லாக்ஸ் கட்டளை அதைக் காட்டாது. கர்னலில் புஷ்லாக், ஃபாஸ்ட் மியூட்டெக்ஸ், ஸ்பின்லாக், ஈவன்ட் என்று வேறு பல இருக்கின்றன. எதுவும் இந்தப் பட்டியலில் வராது. பட்டியல் காலியாக வந்தால் பிரச்சினை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

அறுந்த இடத்தை ஒட்டவைக்க, 9610-க்குக் காத்திருந்த 43 பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். எந்த ப்ராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் எந்த புரோகிராமை, சேர்ந்தவர் என்று த்ரெட் கட்டளையே சொல்லிவிடும். நாற்பத்திரண்டு பேர் சிஸ்டம் ப்ராசஸின் த்ரெட்கள், நெட்வொர்க்கிலிருந்து வந்த கோரிக்கைகளைக் கையில் வைத்திருந்தவர்கள். மிச்சம் ஒருவர் அந்த ஆன்டிவைரஸ் சர்வீஸ். அவர் திறக்க முயன்ற ஃபைலின் பெயரை ஃபைல் ஆப்ஜெக்டிலிருந்து எடுத்தேன். அதன் சொந்த லாக் (log) ஃபைல், பூட்டு இல்லை, நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவு. சி டிரைவில் இடமில்லை என்று எஃப் டிரைவுக்கு நாங்களே மாற்றி வைத்த ஃபோல்டரில் இருந்தது.

வட்டம் மூடிவிட்டது. 3040 ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு சர்வீஸின் பதிலுக்காக நிற்கிறது. 7080 வால்யூமைப் பிடித்துக்கொண்டு 3040-க்காக நிற்கிறது. சர்வீஸ் பதில் சொல்லும் முன் லாக் எழுத வேண்டும், அதற்கு 7080 விட வேண்டும். யாரும் விட மாட்டார்கள். காத்திருக்கும் நேரமும் இந்த வரிசையையே சொன்னது. 3040 நின்று 41,024 டிக் (கடிகாரத் துடிப்பு), 7080 நின்று 40,960 டிக், சர்வீஸ் நின்று 40,896 டிக். ஒரு விநாடிக்கு 64 டிக் என்ற கணக்கில் முறையே 10 நிமிடம் 41, 40, 39 விநாடிகள். ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு விநாடி இடைவெளியில்.

12:11-லிருந்து பின்னால் போனால் 12 மணி தாண்டிச் சில விநாடிகள். அந்த நேரத்தில் வால்யூம் முழுவதையும் ஃப்ளஷ் செய்ய யார் சொல்லியிருப்பார்கள்? ஷேர்டு ஃபோல்டர்களுக்கான ஷேடோ காப்பி என்ற வசதியை ஆன் செய்தால், நாம் மாற்றாத வரை திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் பகல் 12 மணிக்கும் அது ஸ்னாப்ஷாட், அதாவது டிரைவின் அந்த நேரத்து நிலையின் நகல், எடுக்கும். நாங்கள் மாற்றவே இல்லை. பழைய குறிப்புகளைப் புரட்டினேன். உறைந்த எல்லா நாளும் வார நாள், எல்லாமே பகல் 12-ஐ ஒட்டி. சனிக்கிழமை நாங்கள் வேலை செய்கிறோம், ஒரு சனிக்கிழமைகூட உறைந்ததில்லை. காலை 7 மணிக்கு ஆள் இருக்காது.

அன்று மாலையே விஎம்மின் சி டிஸ்கை 40 ஜிபி பெரிதாக்கி, லாக் ஃபோல்டரை சி டிரைவுக்குத் திரும்பக் கொண்டுவந்தேன். அதோடு எஃப் டிரைவின் வட்டம் அறுந்துவிடும். ஆனாலும் எழுதும் பாதையில் நடுவே நின்று, பூட்டுகள் பிடிபட்ட நிலையில், முடிவில்லாமல் பதிலுக்குக் காத்திருக்கும் டிரைவர் இன்னொரு நாள் வேறு இடத்தில் நிற்கும். அதனால் ஆன்டிவைரஸ் நிறுவனத்துக்கு எழுதினேன். குறியீடு 80, ஹார்டுவேரைப் பாருங்கள் என்றுதான் முதல் பதில். மறுபடி எழுதினேன். இந்தத் தடவை மூன்று த்ரெட்களின் ஸ்டாக் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்து நின்றன என்ற பட்டியல்), லாக்ஸ் கட்டளையின் வெளியீடு, டிரைவரின் தேதி, தாளில் வரைந்த படத்தின் போட்டோ, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ஹார்டுவேர் பேச்சு வரவில்லை. ஆறு வாரம் கழித்துப் புதிய டிரைவர் வந்தது.

அதைப் போட்ட மறுநாள் பகல் 12 மணிக்கு பில்லிங்கில் போய் நின்றேன். அக்கா மூன்று சலான் எடுத்தார், மூன்றும் திறந்தன. "இன்னைக்கு என்ன தம்பி, இங்கயே நிக்கறீங்க?" என்று கேட்டார். ஸ்னாப்ஷாட் எடுக்கும் நேரம்ங்கக்கா என்றேன். மற்ற இரண்டு சர்வர்களிலும் பேஜ் ஃபைலை சி டிரைவுக்கு மாற்றி, டம்ப் வருகிறதா என்று அந்த வார ஞாயிறே சோதித்தேன். ஒன்றில் வரவில்லை. அதைச் சரிசெய்ய இரவு ஒரு மணி ஆனது.