அலமோவில் இருந்த ஜோ: டெக்ஸஸ் வரலாறு படிக்கும் நாட்குறிப்பு

மார்ச் 6

அலமோ விழுந்த நாள் இன்று. மகளுக்கு ஏழாம் வகுப்பில் டெக்ஸஸ் வரலாறு ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்கூட அங்கே செத்த டேவி கிராக்கெட், ஜிம் பவி பேச்சுதான். கதை தெரிந்ததுதான்: டெக்ஸஸ் அப்போது மெக்சிகோவின் பகுதி; 1836-இல் சான் அந்தோனியோவில் அலமோ என்ற பழைய கிறிஸ்தவ மிஷன் வளாகத்துக்குள் சுமார் இருநூறு கிளர்ச்சிக்காரர்கள் அடைந்துகொண்டு, மெக்சிகோ அதிபர் சாந்தா அன்னாவின் படையை 13 நாள் தாங்கி, கடைசியில் செத்தார்கள். சுதந்திரத்துக்காக.

யாருடைய சுதந்திரம் என்று கேட்டால்தான் சங்கடம். மெக்சிகோ 1829-இல் அடிமை முறையை ஒழித்தது. டெக்ஸஸில் குடியேறிய அமெரிக்கர்களில் பலர் பருத்தி போட வந்தவர்கள், கையோடு அடிமைகளையும் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள். கூச்சல் போட்டு அந்த ஆண்டு முடிவதற்குள் டெக்ஸஸுக்கு மட்டும் விலக்கு வாங்கிவிட்டார்கள். 1830-இல் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று இன்னொரு சட்டம். அதற்கும் வழி கைவசம் இருந்தது, 99 வருட வேலை ஒப்பந்தம்! காகிதத்தில் அடிமை ஒப்பந்தக் கூலி ஆகிவிடுவார், தோட்டத்தில் எதுவும் மாறாது.

ஆனால் அடிமை முறைக்காக மட்டுமே நடந்த சண்டை என்று ஒரேயடியாகச் சொல்பவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மாநிலங்களுக்கு அதிகாரம் தந்த 1824 அரசியல் சாசனத்தைச் சாந்தா அன்னா தூக்கிப் போட்டபோது மெக்சிகோவுக்குள்ளேயே சகாதேகாஸ் மாநிலம் எதிர்த்து நின்று செம அடி வாங்கியது. ஹுவான் செகின் மாதிரி அந்த மண்ணிலேயே பிறந்த மெக்சிகோக்காரர்களும் கிளர்ச்சிப் பக்கம்தான் இருந்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு பத்தி போதும், பாடப் புத்தகத்துக்கு என்ன கஷ்டமோ.

மார்ச் 10

ஜிம் பவி. கத்திக்குப் பேர்போனவர். அந்த ஆள் பணம் பண்ணிய விதத்தைப் படித்தேன், கத்தியெல்லாம் ஒன்றுமேயில்லை.

1808-க்குப் பிறகு அமெரிக்காவுக்குள் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது குற்றம். பவியும் சகோதரர்களும் டெக்ஸஸ் கரையோரம் கால்வெஸ்டன் தீவில் இருந்த லாஃபிட் என்ற கடற்கொள்ளையரிடம் கடத்தல் அடிமைகளை வாங்கி, சதுப்பு நிலம் வழியாகப் பக்கத்து அமெரிக்க மாநிலமான லூசியானாவுக்குக் கொண்டுபோவார்கள். போனதும் அவர்களே சுங்கத்துறையிடம் ஒப்படைத்து, கடத்தல் சரக்கைக் கண்டுபிடித்ததாகத் துப்புக் கொடுப்பார்கள். அரசாங்கம் அந்த அடிமைகளை ஏலம் விடும். துப்புக் கொடுத்தவருக்கு ஏலத் தொகையில் பாதி. ஏலத்தில் எடுப்பதும் இவர்களே, ஆக பாதி விலைதான் கையை விட்டுப் போகிறது, கூடவே சட்டப்படி செல்லும் ரசீதும் வந்துவிடுகிறது. அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் விற்கலாம். இதில் 65,000 டாலர் பார்த்தோம் என்று அண்ணன் ஜான் பவி பிற்பாடு தானாகவே சொல்லிவைத்திருக்கிறார், வெட்கமே இல்லாமல்.

மார்ச் 20

கோட்டைத் தளபதி டிராவிஸ் வாளால் தரையில் கோடு கிழித்து, என்னோடு சாகத் தயாரானவர்கள் தாண்டி வாருங்கள் என்றாராம். மகளுக்கு மிகப் பிடித்த இடம். அது அச்சில் வந்தது 1873-இல், சம்பவம் நடந்து 37 வருடம் கழித்து. அலமோவிலிருந்து தப்பி வந்த ஒருவர் சொன்னதைத் தன் பெற்றோர் வழியாகக் கேட்டதாக ஜூபர் என்பவர் எழுதினார்.

உள்ளே இருந்து உயிரோடு வந்த ஒருவர் உடனே வாய் திறந்திருக்கிறார், அவரைத்தான் யாரும் சீண்டுவதில்லை. ஜோ, டிராவிஸின் அடிமை, இருபது வயது தாண்டியவர். 1836 மார்ச் 20 அன்று, புதிய டெக்ஸஸ் அரசின் அமைச்சர்கள் முன் நிறுத்திக் கேட்டார்கள். கூட இருந்த கிரே என்ற வழக்கறிஞர் தன் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்தார், இவன் தெளிவாகப் பேசுகிறான் என்று கொஞ்சம் ஆச்சரியத்தோடு. டிராவிஸ் மதிலில் நின்று சுடும்போது ஆரம்பத்திலேயே குண்டு பட்டு விழுந்தது ஜோ சொல்லித்தான் தெரியும். அந்தக் குறிப்பில் கோடும் இல்லை, வீர உரையும் இல்லை.

ஏப்ரல் 4

அலமோவை ஒட்டியே எமிலி மோர்கன் என்ற பெயரில் ஒரு ஹோட்டல் இருக்கிறது. 1836 ஏப்ரல் 21, டெக்ஸஸ் மெக்சிகோவிடமிருந்து விடுபட வழிசெய்த சான் ஹசிந்தோ சண்டையில் சாந்தா அன்னாவை மயக்கிக் கூடாரத்திலேயே வைத்திருந்து, டெக்ஸஸ் படை பதினெட்டே நிமிடத்தில் ஜெயிக்க வழி செய்த அடிமைப் பெண்ணாம். இதற்கு ஆதாரம் 1840-களில் ஒரு ஆங்கிலேயப் பயணி கேட்டு எழுதிய சிறு குறிப்பு மட்டும்தான். அது அச்சேறியது 1956-இல்.

அவர் பெயர் எமிலி வெஸ்ட். அடிமையே இல்லை, கனெக்டிகட்டிலிருந்து வருடம் நூறு டாலர் சம்பளத்துக்கு ஜேம்ஸ் மோர்கன் என்பவரிடம் வேலைக்கு வந்த சுதந்திரமான கறுப்பினப் பெண். முதலாளி பெயரை ஒட்டவைத்ததில் அடிமையாகவும் ஆக்கிவிட்டார்கள். மெக்சிகோப் படை அவரைப் பிடித்துக்கொண்டு போனது உண்மை. ஊர் திரும்ப 1837-இல் பாஸ்போர்ட் கேட்ட மனு இருக்கிறது: தான் சுதந்திரமானவள் என்பதற்கான பத்திரம் சான் ஹசிந்தோவில் தொலைந்துவிட்டது என்கிறது. புதிய டெக்ஸஸ் குடியரசின் சாசனத்தில் ஒன்பதாவது பிரிவைப் படித்தால் பத்திரம் தொலைப்பது என்றால் என்னவென்று புரியும். காங்கிரஸ், அதாவது அதன் நாடாளுமன்றம், அடிமைகளை விடுவிக்க முடியாது. காங்கிரஸ் அனுமதி இல்லாமல், நாட்டை விட்டு அனுப்பினால் ஒழிய, முதலாளியே விரும்பினாலும் விடுவிக்க முடியாது. சுதந்திரமான கறுப்பர் யாரும் அனுமதி இல்லாமல் நிரந்தரமாகத் தங்கவும் முடியாது. 1836-இல் அங்கே அடிமைகள் சுமார் 5,000 பேர், 1860-இல் 182,566 பேர்.

ஏப்ரல் 21

வெற்றி நாள். சரியாக 1837-இன் இதே நாளில், டிராவிஸின் சொத்துக் கணக்கில் இருந்த ஜோ, ஒரு மெக்சிகோக்காரரோடு இரண்டு குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சொத்தை நிர்வகித்தவர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார், மொத்தப் பரிசு 50 டாலர். பிரித்தும் போட்டிருக்கிறார்: ஜோவுக்கும் ஷானன் என்ற சிறிய குதிரைக்கும் சேர்த்து 40, மற்றக் குதிரைக்கும் சேணங்களுக்கும் 10. உயரம், புதிய வெள்ளைப் பருத்திக் கால்சட்டை, சேணத்தின் மேல் போட்ட நீலத் துணி, எல்லாம் உண்டு. நூறு மைலுக்கு அப்பால் பிடித்தால் பயணச் செலவு தனி. நடுவில் அடையாளக் குறிப்பாக இன்னொன்று: எஜமானரோடு அலமோவுக்குள் இருந்தவன், நம் ஆட்களில் கொல்லப்படாத ஒரே ஆண் இவன்தான்.